கழுவிப் போட்ட பில்டர்

ஈச்சம்பள்ளத்தில் யாருடைய டிராக்டர் நின்றுபோனாலும் முதலில் ராஜாமணிக்குத்தான் ஆள் வரும். மெக்கானிக்குக்குப் போன் போடுவதெல்லாம் அதற்கப்புறம். சோற்றில் கை வைத்திருந்தாலும் கழுவிவிட்டு எழுந்துவிடுவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்பேனர்களைச் சுருட்டி வைத்திருக்கும் கோணிப்பையோடு கிளம்புவார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடப்பார். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் காது கொடுப்பார். பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்வார். பெரும்பாலும் அது சரியாக இருக்கும். சரியில்லாமல் போன தடவைகளை ஊர் மறந்துவிடும். அவரும் மறந்துவிடுவார்.

இப்படி ஒரு பேர் ஒரு மனிதனுக்கு வந்துவிட்டால், விவசாயத்தோடு விவசாயமாக அந்தப் பேரையும் தண்ணீர் பாய்ச்சிக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. ராஜாமணி அதை நன்றாகவே செய்துவந்தார். அவருடைய சொந்த டிராக்டர் கம்பைநல்லூர் வட்டாரத்திலேயே மூத்தது. பெயின்ட் போய், மட்கார்டு ஒடுங்கி, பார்ப்பதற்குப் பரிதாபமாக இருக்கும். ஆனால் ஒரு நாளும் ஏர் ஓட்டும் நேரத்தில் மக்கர் பண்ணியதில்லை. அதன் ரகசியம் என்ன என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்.

"டீசல்ல கழுவுனா போவாத அழுக்கு என்னா இருக்குது?"

அந்தப் பழைய டிராக்டரில் ஆயில் பில்டர் என்பது ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு சல்லடைக் குவளை. கிண்ணத்தைக் கழற்றி, குவளையை டீசலில் முக்கி, பிரஷ் போட்டுத் தேய்த்து, வெயிலில் காய வைத்து, திரும்ப மாட்டினால் புதுசு. அவர் அப்பா அப்படித்தான் செய்தார், அவரும் அப்படித்தான் செய்தார், வண்டியும் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்குப் போய்ப் புதுப் பில்டர் வாங்குகிறவனை அவர் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார்.

வீட்டுக்குக் கார் வந்தது மருமகள் சுமித்ராவோடு. அவளுடைய அப்பா மாதேஸ்வரன் கடத்தூர்க்காரர், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தான் ஓட்டிக்கொண்டிருந்த வண்டியைக் கண்ணாடிபோலத் துடைத்து, மகள் கல்யாணத்தன்று சாவியை மாப்பிள்ளை அருண்குமார் கையில் கொடுத்தார். ராஜாமணியின் மனைவி சென்னம்மாளுக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. கொடுத்ததுதான் கொடுத்தார், புதுசாகக் கொடுத்திருக்கலாம் என்று அடுப்படியில் சொல்லுவாள். மருமகள் காதில் விழுகிற அளவுக்குச் சொல்லுவாள், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்க முடியாத அளவுக்குச் சொல்லுவாள்.

அருண்குமாருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. வாரக் கடைசியில்தான் வருவான். கார் ஈச்சம்பள்ளத்திலேயே வேப்பமரத்தடியில் நின்றது. சுமித்ரா பிரசவத்துக்காகக் கடத்தூர் போன அன்று, வளையல் கை குலுங்கப் படியிறங்கிக்கொண்டே மாமனாரிடம் சொன்னாள்.

"மாமா, வண்டிக்கு ஆயில் மாத்தற நேரம் வந்துடுச்சுங்க. மாத்தறப்ப பில்டரும் புதுசாப் போடச் சொல்லுங்க. எங்கப்பா எப்பவும் ரெண்டையும் ஒண்ணாத்தான் மாத்துவாரு."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் அந்த 'எங்கப்பா' ராஜாமணிக்கு எங்கேயோ போய்த் தைத்தது. லைன்மேன் எனக்கு வண்டி சொல்லித்தருகிறாரா என்று மனசுக்குள் முனகிக்கொண்டார். வெளியே "ஆவட்டும்மா" என்றார்.

ஒரு வெயில் நாளில் வேலையைத் தொடங்கினார். முன்சக்கரம் இரண்டையும் கல்மேல் ஏற்றி, அடியில் படுத்து, நட்டைக் கழற்றினார். பழைய ஆயில் கரியாய்க் குழம்பி இரும்புச் சட்டியில் இறங்கியது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார், நறநறவென்றது. மாற்ற வேண்டியதுதான் என்று அவருக்கே தெரிந்தது. பில்டர் இறுக்கமாக இருந்தது. டிராக்டரின் பழைய பெல்ட்டை அதன் இடுப்பில் சுற்றி இழுத்துத் திருகினார், வந்துவிட்டது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் ஒரு சிக்கல். இதில் கிண்ணம் தனி, குவளை தனி என்று இல்லை. ஒரே தகர டப்பா. மேலே வட்டமாகச் சின்னச் சின்ன ஓட்டைகள், நடுவில் ஒரு பெரிய ஓட்டை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை.

வேறு யாராவது என்றால் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். ராஜாமணி நிறுத்தவில்லை. பிள்ளைக்குச் சங்கில் மருந்து புகட்டுகிற மாதிரி அந்த ஓட்டை வழியாக டீசலை ஊற்றினார். குலுக்கிக் கவிழ்த்தார். கறுப்பாக வந்தது. மறுபடி ஊற்றி மறுபடி குலுக்கினார். டீசல் தெளிந்து வருகிறவரைக்கும் விடவில்லை. வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்க் களியும் கொள்ளுக் கடைசலும் சாப்பிட்டு வந்தார். டப்பாவின் வாயோரத்தில் இருந்த ரப்பர் வளையம் தட்டையாகிப் போயிருந்தது. கொஞ்சம் கிரீஸ் தடவி அதையே திரும்ப வைத்தார். டிராக்டருக்கு வாங்கி வைத்திருந்த ஆயிலையே காருக்கும் ஊற்றினார். ஸ்டார்ட் செய்தார். வண்டி பூனைபோல ஓடியது.

அந்த வாரம் அருண்குமார் போனில் கேட்டான், புதுப் பில்டர் போட்டீங்களாப்பா என்று. "போட்டாச்சு" என்றார் ராஜாமணி. பொய் சொல்கிறோம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. கழுவிப் போட்டாலும் போட்டதுதானே.

ஆனால் வண்டி பூனையாகவே இருக்கவில்லை. கொஞ்ச நாள் போனதும், காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது என்ஜினின் மேல்பக்கம் டக்டக்கென்று ஒரு தட்டல் கேட்டது. சூடானதும் நின்றுவிடும். பிறகு வேப்பமரத்தடியில் வண்டிக்குக் கீழே சொட்டுச் சொட்டாக ஆயில் விழ ஆரம்பித்தது. அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் கோடு கீழேதான் இருந்தது. ஊற்றிக்கொண்டே வந்தார். இன்னும் கொஞ்ச நாளில், கம்பைநல்லூர்ச் சந்தையில் என்ஜினை அணைக்காமல் வண்டியை நிறுத்தும்போதெல்லாம், மீட்டருக்குப் பக்கத்தில் எண்ணெய்க் குடம் போட்ட அந்தச் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்து அணைந்தது.

வேறொருவன் வண்டியாக இருந்தால், நெற்றியைச் சுருக்கி, "ஆயில் மேல ஏறல, நிறுத்துடா மொதல்ல" என்று சொல்லியிருப்பார். தன் கை வேலை என்பதால் காது மந்தமாகிவிட்டது. காரின் குணமே அப்படி என்று சொல்லிக்கொண்டார். கீழே விழுந்த ஆயில் சொட்டுகள்மேல் சென்னம்மாள் எழுவதற்கு முன்னால் மண்ணை அள்ளிப் போட்டு மூடினார். மண் போட்டு மூடுகிறவனுக்கு உள்ளுக்குள் தெரியாமலா இருக்கும்? தெரியும். தெரிந்ததை ஒத்துக்கொண்டால் கடைக்குப் போய்ப் புது டப்பா வாங்க வேண்டும், மகன் ஏன் என்று கேட்பான். அது அவரால் முடியவில்லை.

சுமித்ராவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் மாதம், சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாயையும் பிள்ளையையும் அழைத்துவரக் கடத்தூருக்குக் கிளம்பினார்கள். ராஜாமணி, சென்னம்மாள், ஓட்டுவதற்கு அருண்குமார். காலையில் அளவுக் கம்பியைப் பார்க்க வேண்டும் என்று ராஜாமணி நினைத்திருந்தார். ஆனால் மகன் முந்திக்கொண்டு வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தான். அவன் எதிரில் பானெட்டைத் திறந்து ஆயில் ஊற்றினால் இவ்வளவு ஏன் குறைந்தது என்று கேட்பான். சரி, போன இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

போன இடத்தில் மாதேஸ்வரன் அவரை விட்டு நகரவே இல்லை. நாட்டுக்கோழிக் குழம்பு, களி, கடலைப்பருப்பும் வெல்லமும் வைத்துத் தட்டிய ஒப்புட்டு என்று உபசாரம் தடபுடலாக இருந்தது. சாப்பிட்டதும் சம்பந்தியைக் காருக்குப் பக்கத்தில் அழைத்துப்போய்ப் பழைய சிநேகிதனைப் பார்ப்பதுபோல வண்டியைத் தடவிப் பார்த்தார். "உங்க கைக்குப் போனதுல எனக்கு நிம்மதிங்க. வண்டி தெரிஞ்ச கை" என்றார். அந்தப் பேச்சுக்குப் பிறகு ராஜாமணி எப்படிப் பானெட்டைத் திறப்பார்? வெற்றிலையை மென்றுகொண்டு சும்மா நின்றார்.

ராகுகாலம் தொடங்குவதற்கு முன்னால் புறப்பட வேண்டும் என்று சென்னம்மாள் அவசரப்படுத்தினாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கிளப்பினார்கள். பின்சீட்டில் சுமித்ரா குழந்தையை மடியில் வைத்திருந்தாள், பக்கத்தில் சென்னம்மாள். மொரப்பூர் ரயில்வே கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அருண்குமார் வேகத்தைக் குறைத்தான்.

"அப்பா, இந்தச் செவப்பு லைட்டு அணைய மாட்டேங்குதே?"

ராஜாமணி குனிந்து பார்த்தார். விளக்கு மினுக்கவில்லை, நின்று எரிந்தது. என்ஜினில் இருந்து டக்டக் சத்தம் காலையில் கேட்கும் தட்டலைப்போல இல்லாமல் கனத்துக் கேட்டது. அவருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. வாயைத் திறந்து நிறுத்து என்று ஒரு சொல் சொன்னால் போதும். பின்னால் சென்னம்மாள் இருக்கிறாள், மருமகள் இருக்கிறாள்.

"அது வயர் லூசுடா. நீ ஓட்டு."

அருண்குமார் ஓட்டினான். அப்பா சொன்னால் அப்புறம் என்ன. மொரப்பூரைத் தாண்டி, இரண்டு பக்கமும் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காடாக இருக்கும் இடத்தில், இரும்பை இரும்பால் அறைந்ததுபோல ஒரு சத்தம் வந்து வண்டி செத்துப்போனது. சாவியைத் திருப்பினால் கட்டென்று ஒரு ஒலி, அவ்வளவுதான். என்ஜின் சுற்ற முடியாமல் உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டுவிட்டது.

நிழலுக்கு ஒரு புளியமரம்கூடப் பக்கத்தில் இல்லை. குழந்தை வெயிலில் வீறிட்டு அழுதது. ராஜாமணி பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒன்றும் செய்வதற்கில்லாத இடத்தில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். கடைசியில் கம்பைநல்லூர் மார்க்கெட்டிலிருந்து காலி தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு டெம்போக்காரன் இரக்கப்பட்டு நிறுத்தி, வந்த வழியே வண்டியைத் திருப்பினான். சுமித்ராவும் குழந்தையும் டிரைவர் பக்கத்தில், மற்றவர்கள் பின்னால் பெட்டிகளோடு பெட்டியாக. ஈச்சம்பள்ளத்தில் ஆரத்தித் தட்டோடு காத்திருந்த பெண்கள், அழுகின தக்காளி வாடையோடு வந்து இறங்கிய முதல் பேத்தியைப் பார்த்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

சென்னம்மாள் ஆரத்தி சுற்றிக் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்ததும்தான் சொன்னாள்.

"பொட்டப்புள்ள வூட்டுக்கு வர்ற மொத நாளே நடுரோட்டுல நிக்க வெச்சிருச்சே."

அவள் கெட்டவள் இல்லை. குழந்தையை மடியில் போட்டு விடிய விடியத் தட்டிக்கொடுக்கிறவள்தான். பயம் அவளை அப்படிப் பேச வைத்தது. சொல்லிவிட்ட சொல் வாசலைத் தாண்டிப் போய்விட்டது. அந்த வாரமே போர்வெல் மோட்டாரின் காயில் புகைந்தது. சினைப்பசு ஒன்று குறைக்கன்று போட்டது. வெயில் காலத்தில் மோட்டார் புகைவதும் பசு கன்று தவறுவதும் ஈச்சம்பள்ளத்தில் நடக்காததா என்ன? ஆனால் இந்தத் தடவை எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தொட்டிலில் படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர்க் குழாயில் பெண்கள் ராசி, காலடி என்று பேசிக்கொண்டார்கள். சுமித்ரா குடத்தோடு வந்தால் பேச்சு நிற்கும்.

மாதேஸ்வரன் போனுக்கு மேல் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். நான் பழைய வண்டியைக் கொடுத்திருக்கக் கூடாது சம்பந்தி, உங்களுக்கு என்னால்தான் தலைகுனிவு என்று அவர் சொன்னதை ராஜாமணி காதில் வாங்கிக்கொண்டு, "வுடுங்க, வுடுங்க" என்று பெருந்தன்மையாகப் பதில் சொன்னார். போனை வைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய் வெகுநேரம் நின்றார்.

கார் மொரப்பூரில் சவுரியப்பன் என்பவருடைய பட்டறைக்கு இழுத்துப்போகப்பட்டிருந்தது. மகன் ஓசூருக்குப் போய்விட்டதால் ராஜாமணிதான் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. என்ஜினை இறக்கிப் பிரித்துப் போட்டிருந்தார்கள். உள்ளே பேரிங் எல்லாம் தேய்ந்து ஒட்டிப்போயிருந்தன. பழைய இரும்புக் குவியலின்மேல் அந்தப் பில்டர் கிடந்தது. ராஜாமணி அதை எடுத்தார். ஹேக்சா பிளேடு ஒன்று கேட்டு வாங்கி, ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்து, அந்த டப்பாவை அறுத்தார். கழுவுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய காரியத்தை இப்போது செய்கிறோம் என்று தோன்றியது.

உள்ளே சல்லடை இல்லை. காகிதம். விசிறிமடிப்பாக மடித்து அடைத்த காகிதம். அவர் ஊற்றிக் குலுக்கிய டீசலில் ஊறி, நனைந்த அப்பளம்போல மடிப்போடு மடிப்பு ஒட்டி, ஆயில் போக வழியில்லாமல் அடைத்துக் கிடந்தது. ஒரு பக்கம் கிழிந்து துணுக்குகளாய்ப் போயிருந்தது. அந்தத் துணுக்குகள் ஆயிலோடு என்ஜினுக்குள் எங்கே போய் அடைத்திருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் வளையம் ஒரு இடத்தில் வெடித்திருந்தது.

சவுரியப்பன் எட்டிப் பார்த்தார். "அட, கழுவிப் போட்டிருக்காங்க. இதப் போயி யாருங்க கழுவுனது?"

"தெரியலீங்க" என்றார் ராஜாமணி. "பொண்ணு வூட்டு வண்டி."

பேருந்தில் திரும்பி வரும்போது அந்தப் பதிலை மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே வந்தார். பேத்தியின் தலையில் ஒரு பழி, சம்பந்தியின் தலையில் ஒரு பழி. தன் தலையில் மட்டும் ஒன்றுமில்லாமல் சுத்தமாக வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்தபோது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சென்னம்மாள் அன்றைக்குக் குறி கேட்டுவிட்டு வந்திருந்தாள். பிள்ளைக்கு ஒரு தடை இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை பச்சையம்மன் கோயிலில் வைத்துத் தவிட்டுக்கு விற்று வாங்கிவிட்டால் சரியாகிவிடுமாம். பிள்ளையை முறத்தில் போட்டு, ஆண்பிள்ளை பெற்ற வேற்று வீட்டுக்காரி ஒருத்திக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். அவள் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போது அது தவிட்டுக்கு வாங்கின பிள்ளை ஆகிவிடுகிறது, பெற்ற பிள்ளையின் தோஷம் அதற்கு ஒட்டாது. தேன்மொழி என்று சுமித்ராவும் அருண்குமாரும் ஆசையாக எடுத்து வைத்திருந்த பேர் பள்ளிக்கூடத்துக்கு இருக்கட்டும், வீட்டில் கூப்பிடத் தவிட்டம்மா என்றாள் சென்னம்மாள். வாங்குவதற்கு மூன்று ஆண்பிள்ளைகள் பெற்ற பக்கத்து வீட்டுச் சசிகலா சம்மதித்துவிட்டாள்.

அந்தப் பேர் என்ன செய்யும் என்று ராஜாமணிக்குத் தெரியும். ஈச்சம்பள்ளத்தில் டீக்கடை வைத்திருக்கும் மனிதருக்குப் பேரன் பேத்தி எடுத்த வயசு. குழந்தையில் அவரைத் தவிட்டுக்கு வாங்கினார்கள். இன்றைக்கும் ஊருக்கு அவர் தவுட்டான்தான். ரேஷன் கடையில் சொந்தப் பேரைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

சாப்பாட்டுத் தட்டின்முன் உட்கார்ந்து மெதுவாக ஆரம்பித்தார்.

"வண்டின்னா நிக்கறதுதான் சென்னா. அதுக்குப் போயி புள்ளய..."

சென்னம்மாள் களியைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "ஏங்க, உங்க கை பட்ட வண்டி எதாச்சும் இதுவரைக்கும் நின்னுருக்குதா? ஊருக்கே நீங்க பாத்துக் குடுக்கறீங்க. வண்டில கொறை இருந்தா உங்க கண்ணுக்குத் தப்பியிருக்குமா? நா ரோசன பண்ணாம சொல்லலீங்க. வண்டில கொறை இல்ல. வந்ததுலதான் கொறை."

ராஜாமணியால் அதற்குமேல் ஒரு கவளம் உள்ளே தள்ள முடியவில்லை. இத்தனை வருஷம் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த பேர், இப்போது அந்தப் பச்சைக்குழந்தைக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் சுமித்ரா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கும். தாலாட்டிக்கொண்டிருந்த குரல் நின்றுவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலில் பத்துப் பதினைந்து பெண்கள் கூடியிருந்தார்கள். அருண்குமார் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். அம்மாவிடம் பேசித் தோற்ற முகம் அவனுக்கு. மஞ்சள் பூசிய முறத்தில் துணி விரித்துக் குழந்தையைக் கிடத்தினார்கள். அது மேலே தொங்கிய மணியைப் பார்த்துச் சிரித்தது. சசிகலா ஒரு படித் தவிட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சிரிப்பதா சும்மா இருப்பதா என்று தெரியாமல் நின்றாள். பூசாரி கற்பூரத்தை ஏற்றப் போனார்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றார் ராஜாமணி.

எல்லாரும் திரும்பினார்கள்.

"வண்டி நின்னது புள்ளயால இல்ல. என்னாலதான். பில்டர நாந்தான் கெடுத்துட்டேன்."

சென்னம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பாருங்களேன், பேத்திக்காக மனுசன் தம்மேல பழியப் போட்டுக்கறத" என்றாள் பக்கத்தில் இருந்தவர்களிடம். பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். தாத்தா என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. இவர் கை பட்டு ஒரு வண்டி கெடுமா, யாரிடம் கதை சொல்கிறார் என்றாள் இன்னொருத்தி. பூசாரிகூடச் சிரித்துவிட்டு நெருப்புக்குச்சியைத் தேடினார்.

இவ்வளவு நாளும் பட்ட அவமானம் ஒன்றுமில்லை என்று ராஜாமணிக்கு அப்போது தோன்றியது. குற்றத்தைச் சொன்னால் அதற்கும் மாலை போடுகிறார்களே. வாயை மூடிக்கொண்டால் இப்போதுகூட நல்லவனாகவே வீட்டுக்குப் போய்விடலாம். அந்த ஆசை ஒரு நொடி வந்து போனதையும் அவர் உணர்ந்தார்.

"கதை இல்ல" என்றார். குரல் உயர்ந்துவிட்டது. "பில்டரு புதுசு போட்டேன்னு அருணுகிட்டச் சொன்னது பொய்யி. பழசத்தான் டீசல்ல கழுவிப் போட்டேன். உள்ள காயிதம்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னும் தோணல. டிராக்டரு ஆயிலையே ஊத்துனேன். கீழ ஒழுகுச்சு. தெனமும் மண்ணப் போட்டு மூடுனேன். அன்னிக்குக் காலையில ஆயிலு பாக்கல. யாராச்சும் கேப்பாங்கன்னு பாக்கல."

மகன் பக்கம் திரும்பினார். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, சட்டைப் பித்தானைப் பார்த்துப் பேசினார்.

"மொரப்பூரு கேட்டாண்ட லைட்டு எரியுதுன்னு கேட்டியே. வயரு லூசுன்னு சொன்னேன். அது வயரு இல்லடா. எனக்கு அப்பவே தெரியும். நிறுத்தச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

இப்போது யாரும் உச்சுக் கொட்டவில்லை. சசிகலா தவிட்டுப்படியைக் கீழே வைத்தாள். சென்னம்மாள் முந்தானையைக் கீழே விட்டுவிட்டுப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அருண்குமார் மட்டும், "கேட்டேன்" என்றான், தனக்குத்தானே சொல்வதுபோல. "ஆமா, கேட்டேன்."

சுமித்ரா குனிந்து முறத்திலிருந்து குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். நேராக மாமனார் எதிரில் வந்து நின்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. அது இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"வண்டி போனாப் போவுது மாமா. லைட்டு எரிஞ்சப்ப ஓட்டுன்னு சொன்னீங்க, அதும் போவட்டும். அதுக்கப்பறம் தெனமும் எம்புள்ளய ராசி இல்லாததுன்னு பேசுனாங்களே. அப்ப நீங்க அங்கதான ஒக்காந்து சாப்ட்டுக்கிட்டு இருந்தீங்க?"

ராஜாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாம்மா" என்றார்.

அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது. பூசாரிதான் சூழ்நிலையை எப்படியாவது நகர்த்த வேண்டும் என்று, விக்கிறது வாங்குறது வேண்டாமென்றால் வந்த வேளைக்குப் பேராவது வைத்துவிட்டுப் போங்கள், தாத்தா பிள்ளையின் காதில் மூன்று தரம் சொல்லட்டும் என்றார். எல்லார் பார்வையும் மறுபடி ராஜாமணி மேல் வந்து நின்றது. சென்னம்மாள் மெதுவாக மருமகளிடம் கையை நீட்டினாள். சுமித்ரா குழந்தையைக் கொடுக்கவில்லை.

"எனக்கு வேணாங்க" என்றார் ராஜாமணி பூசாரியிடம். "அந்தத் தாத்தாவக் கூப்புடலாம். கடத்தூரு சம்மந்திய. அவரு வந்து சொல்லட்டும்."

சுமித்ரா அவரைப் பார்த்தாள். "எங்கப்பா இன்னும் அவரு வண்டியாலதான்னு நெனச்சுக்கிட்டு ராத்திரி தூங்காம இருக்காரு மாமா. நா போன் பண்ணி வரத்தான் சொல்லுவேன். மிச்சத்த நீங்களே சொல்லிருங்க."

மற்றவர்கள் கோயில் நிழலில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். ராஜாமணி மட்டும் தார்ரோட்டுக்கு நடந்து வந்து பஸ் நிற்கும் இடத்தில் நின்றார். டிராக்டரில் போன ஒருவன் நிறுத்தி, கிளட்ச் வழுக்குகிறது, சாயந்தரம் கொஞ்சம் வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டான். மெக்கானிக்கிடம் விடப்பா என்று சொல்லி அனுப்பினார். அவன் புரியாமல் போனான். வெயில் ஏறிக்கொண்டே போனது. அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொள்ளவில்லை.

மதியத்துக்கு மேல் மொரப்பூர் பஸ் வந்து நின்றது. மாதேஸ்வரன் பேத்திக்குத் துணிப்பையும் பழப்பையுமாக இறங்கினார். வெயிலில் தனக்காகக் காத்து நிற்கும் சம்பந்தியைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பைகளைக் கீழே வைக்காமலேயே கையைக் கூப்பினார்.

"சம்மந்தி, மன்னிச்சுக்கங்க. அந்த வண்டிய நா குடுத்திருக்கவே கூடாதுங்க. இத்தன கஷ்டம் உங்களுக்கு. நீங்க பெரிய மனசு பண்ணி ஒரு வார்த்தை என்னைச் சொல்லலியே."

ராஜாமணி கூப்பியிருந்த அந்தக் கைகளைப் பிடித்துப் பிரித்தார். பைகளை வாங்கித் தன் கையில் மாட்டிக்கொண்டார்.

"இங்கயே கொஞ்சம் நில்லுங்க" என்றார். "கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க வண்டி நல்ல வண்டிங்க."